அப்புத்தளை: முகட்டில் ஊர், சரிவில் லயம்

பாடசாலை விடுமுறை விட்டால் வெள்ளவத்தைக் குடும்பங்களுக்கு முன்பெல்லாம் நுவரெலியாதான். இப்போது அப்புத்தளை. போய்ப் பார்க்கத் தகுந்த ஊர்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில், மலை முகட்டின் மேலேயே இருக்கிறது. தெற்கே நிலம் சடாரென்று இறங்கிவிடும். வானம் வெளித்திருந்தால் தூரத்தில் கடல் தெரியும். வடக்கே தியத்தலாவை, பண்டாரவளைப் பக்கத்துக் குன்றுகள். 1893இல் வந்த ரயில் பாதை கடைத்தெருவை ஒட்டிப் போகிறது. மரக்கறி மூட்டையோடு தண்டவாளத்தில் நடப்பவர்கள் ரயில் கூவினால் ஒதுங்கி நிற்பார்கள். போனதும் மறுபடி நடப்பார்கள்.

தேயிலைக்கு முன் இந்த மலைகளை ஆண்டது கோப்பி. யேமன் மலைகளில் விளைந்து, மொக்கா துறைமுகத்தால் உலகம் சுற்றிய அதே பயிர். 1869இல் இலைத்துரு நோய் கண்டது. அதன்பின் கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக அழிய, தேயிலை ஏறியது. தோமஸ் லிப்டன் 1890இல் தம்பேதன்னையில் கட்டிய தொழிற்சாலை இன்னும் நிற்கிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றுதான் இந்த ஊவாப் பக்கத்துத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைக் கொடுக்கிறது.

கோப்பி விளைவித்த யேமன் மலைக்காரர் கல்லணை கட்டி, சரிவைப் படிப்படியாக வெட்டி, மண்ணைப் பிடித்துவைத்தார்கள். இங்கே காட்டை அழித்துச் செங்குத்துச் சரிவிலேயே நட்டார்கள். பெருமரங்களின் வேர் போன மண் மழையைக் குடித்துக் கனத்தால் இறங்கத்தான் செய்யும். அந்தச் சரிவுகளில்தான் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களையும் கட்டினார்கள்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். திரும்பியவர்களில் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போக வேறு காணி இல்லாதவர்களுக்கு எச்சரிக்கையால் என்ன பயன்?

சுற்றுலாவால் ஊருக்கு வருமானம் என்கிறார்கள்; அது உண்மைதான். ஆனால் காட்சிக்காக விளிம்பில் விடுதி கட்ட நிலம் கிடைக்கும்போது, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? வடகீழ்ப் பருவமழை வருடம் தவறாமல் வருகிறது. சரியாத இடத்தில் வீடு, கையில் காணி உறுதி: இரண்டையும் கொடுக்காமல் ஒவ்வொரு மழைக்கும் அவர்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரிக்க வைப்பது அநியாயம்.