தாரிம் ஆற்றின் கடைமடை

சீனாவின் மேற்கே, தக்லமகான் பாலைவனத்தின் வடக்கு ஓரமாக ஓடும் தாரிம் ஆறு கடலைச் சேர்வதில்லை. மலைப்பனி உருகிய நீரே அதற்கு ஆதாரம். மேலே பருத்தி வயல்கள் பெருகப் பெருக, கீழே வரத்து குறைந்தது. 1972இல் தாசிஹாய்சி நீர்த்தேக்கம் எழுந்தபின் சுமார் 320 கிலோமீட்டர் ஆற்றுப்படுகை வறண்டது. ஆறு முன்பு சென்று சேர்ந்த லோப் நூர் ஏரி உப்புத்தரையானது.

பெரும் இழப்பு கரையோரப் பாப்ளர் காடுகளுக்குத்தான். இம்மரத்தின் இளங்கன்றில் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். முதிர்ந்த கிளையில் அகன்றிருக்கும். உப்பையும் வெயிலையும் தாங்கினாலும், வேர் எட்டும் ஆழத்தில் நிலத்தடி நீர் இல்லையென்றால் பட்டுப்போகும்.

2000 முதல் போஸ்தென் ஏரி நீர் அவ்வப்போது வறண்ட படுகையில் திறந்துவிடப்பட்டது. கரையை ஒட்டி வாடிய மரங்கள் துளிர்த்தன. ஆனால் விதை முளைக்க, வெள்ளம் பரவிய ஈரமண் வேண்டும். ஆற்றுக்குள் மட்டும் ஓடும் நீர் அதைத் தருவதில்லை.