வேட்டர்ன் ஏரி வலம்

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால் அமைந்த சுவீடன் நாட்டில் வேட்டர்ன் என்னும் பேரேரி ஒன்று உளது. பரப்பினால் அந்நாட்டு ஏரிகளுள் இரண்டாவதாக விளங்கும் அது, ஏறத்தாழ 135 கிலோமீட்டர் நீளமும், 120 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. அதன் நீர் பளிங்கெனத் தெளிந்தது, கோடையிலும் குளிர்ந்திருப்பது. இவ்வேரியை மிதிவண்டியிற் சுற்றிவரும் பெருவிழா 1966ஆம் ஆண்டில் தொடங்கிற்று. கீழ்க்கரையிலுள்ள மோட்டாலா நகரினின்றும் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, தென்முனையைக் கடந்து, மேல்கரை வழியே வடக்கேறி, மீண்டும் மோட்டாலாவை அடைதல் வேண்டும். ஏரி எப்போதும் வலக்கைப் பக்கமே இருக்கும். ஆதலின், இதனை வலம் என்றே கூறலாம்.

முதலில் 300 கிலோமீட்டராக இருந்த தொலைவு, பாதை மாற்றத்தால் 2021 முதல் 315 கிலோமீட்டராயிற்று. சில ஆண்டுகளில் 20,000 பேருக்கு மேல் இதற்குப் பெயர் பதிந்ததுண்டு. இது பந்தயம் அன்று. முதலிடமோ பரிசுக் கோப்பையோ இங்கு இல்லை. ஆசிரியரும் தச்சரும் மருத்துவரும் முதியோரும் ஓட்டுகின்றனர். தொழில்முறை வீரர் அல்லாத இவர்கள் ஒரே மூச்சில் இத்துணைத் தொலைவு செல்வது எவ்வாறு?

சமநிலத்தில் விரைந்து செல்வோனுக்குப் பெரும்பகை காற்றே. விரைவு கூடும் அளவினும் மிகுதியாகக் காற்றின் தடை பெருகும். முன்செல்வோனின் பின்னே நெருங்கிச் செல்பவனுக்கு உழைப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகின்றது. ஆகவே பலர் கூடி வரிசையாகச் செல்வர்; முன்னிற்கும் இடத்தை முறைவைத்து மாற்றிக்கொள்வர். முன்னே செல்ல மறுத்துப் பின்னாலேயே ஒட்டி வருவோனை எந்நாட்டிலும் எவரும் விரும்புவதில்லை.

காற்றினும் கொடியது பசி. தசைகளிலும் ஈரலிலும் சேர்ந்துள்ள சர்க்கரைப் பொருள், கடும் உழைப்புக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரமே போதும். அது தீர்ந்தால் கால் ஓய்ந்து, தலை சுழன்று, வண்டியைத் தள்ளிச் செல்லவும் வலிமை இராது. பசித்த பின் உண்ணலாம் என்றிருப்பவன் காலந்தாழ்ந்தவன் ஆவான். வழியில் அமைந்த உணவுச் சாலைகளில் ரொட்டியும், வாழைப்பழமும், உப்பிலிட்ட வெள்ளரியும், அந்நாட்டார் பெரிதும் விரும்பும் நீலநெல்லிக் கனிக் கஞ்சியும் வழங்குவர். மேல்கரையில் யூ என்றோர் ஊர் உண்டு. அவர்கள் மூன்றெழுத்தால் எழுதும் அப்பெயருக்குத் தமிழில் ஓரெழுத்தே போதும். அவ்வூரை எட்டியோர் பாதி வழியைக் கடந்தவராவர்.

பலர் வெள்ளிக்கிழமை மாலையிலும் இரவிலும் சிறுசிறு குழுக்களாகப் புறப்படுவர். ஜூன் மாதத்தில் அங்குக் கதிரவன் மறைய இரவு பத்து மணிக்கு மேலாகும். காலை நான்கு மணியளவில் மீண்டும் எழுவான். இடைப்பட்ட பொழுதிலும் முழுஇருள் சூழ்வதில்லை. ஆயினும் விளக்கு வேண்டும், குளிராடையும் வேண்டும். விடியுமுன் ஏரியிலிருந்து வரும் குளிர் விரல்களை மரக்கச் செய்யும். மணிக்கு 25 கிலோமீட்டர் செல்வோனுக்கும் ஓய்வுநேரம் நீங்கலாகப் பன்னிரண்டரை மணிக்குமேல் ஆகும். இறுதிப் பகுதியிற் கால்களினும் மிகுதியாகக் கழுத்தும் உள்ளங்கையும் இருக்கைப் புறமும் நோவதாக ஓட்டியோர் கூறுவர்.

ஓட்டுவோர் தனித்து வருவாரல்லர். குடும்பத்தோடு வருவோர் மிகப் பலர். ஒருவர் நெடுவழியை மேற்கொள்ள, ஏனையோர் மோட்டாலாவிற் கூடாரமடித்தோ விடுதியிலோ தங்குவர். விழாவையொட்டி 150 கிலோமீட்டர் பயணமும், மகளிர்க்கெனத் தனிப் பயணமும், சிறுவர்க்கெனச் சிறு பயணமும் நடத்துவதால், வீட்டார் அனைவரும் ஓட்டுவதும் உண்டு. மற்றைப் பொழுதிற் காண்பதற்குக் குறைவில்லை. 1832இல் திறக்கப்பட்ட யோட்டா கால்வாய் அந்நகரின் வழியே செல்கின்றது. அருகிலுள்ள போரன்ஸ்ஹுல்ட் என்னுமிடத்திற் கதவுடைய நீர்த்தொட்டிகள் ஐந்து, படிகள்போல் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் நீரைத் தேக்கியும் வடித்தும் படகுகளை ஏற்றி இறக்குவர். பிள்ளைகள் அதனை நெடுநேரம் நின்று பார்ப்பர். கீழ்க்கரையில் தெற்கே கிரென்னா என்னும் சிற்றூரில் செந்நிறமும் வெண்ணிறமும் முறுக்கிய மிட்டாய்க் கோல் செய்வர். அமாலியா எரிக்சன் என்னும் கைம்பெண் தம் வாழ்க்கைக்காக 1859இல் இசைவுபெற்றுத் தொடங்கிய தொழில் அது.

ஆயினும் வீட்டாரின் உள்ளம் சாலையின்மீதே இருக்கும். ஓட்டுவோர் அணிந்த சிறு கருவி, குறிப்பிட்ட சில இடங்களைக் கடக்கும் நேரத்தைப் பதிவு செய்கின்றது. அந்நேரத்தைக் கைப்பேசியிற் காணலாம். ஓர் இடத்திற்கும் அடுத்த இடத்திற்கும் நடுவே செய்தி ஏதும் இராது. மழை பெய்யினும், குறித்த நேரம் கடப்பினும், காத்திருப்போருக்கு அவ்விடைவெளியே நீண்டதாகும். சக்கரம் பழுதுற்றதோ, உணவுச் சாலையில் உறங்கிவிட்டாரோ என்று எண்ணுவர். அடுத்த பதிவு தோன்றியவுடன், அவர் வந்துசேரும் நேரத்தைக் காகிதத்திற் கணக்கிட்டுப் பிள்ளைகள் தாயிடம் காட்டுவர்.

சனிக்கிழமை பகலில், தூசியும் வியர்வையும் படிந்த முகத்தோடு தந்தையோ தாயோ எல்லையைக் கடப்பர். அவர் முதலிற் கேட்பது பெரும்பாலும் உணவு, அடுத்து உறக்கம். ஓர் இரவு முழுதும் விழித்தவர் அன்று மகிழுந்து ஓட்டுதல் தகாது. அதனால் அறிவுடைய குடும்பத்தார் மற்றோர் இரவு அங்கேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மிதிவண்டியை மகிழுந்தின்மீது கட்டி, நன்கு உறங்கிய ஒருவர் ஓட்ட, வீடு திரும்புவர்.