ஜவானுக்கு வக்கீல் யார்?

ஆலையில் ஒருவருக்குச் சார்ஜ் ஷீட் கொடுத்தால், விசாரணையில் பக்கத்தில் உட்கார யூனியன்காரர் ஒருவர் வருவார். ராணுவ ஜவானுக்கு யூனியன் கிடையாது. அவருக்காகச் சட்டம் பேசுபவர் யார்?

ரஞ்சித் தாகூர் என்ற சிக்னல் படை ஜவான், தன் கமாண்டிங் ஆபீசர் மீது மேலதிகாரிகளுக்கு நேரடியாகப் புகார் எழுதினார். அதற்காக 28 நாள் தண்டனை கிடைத்தது. காவலில் இருந்தபோது, 1985 மே 29-ந் தேதி, "சாப்பிடு" என்ற உத்தரவை மீறினார் என்று இன்னொரு குற்றச்சாட்டு! மறுநாளே சம்மரி கோர்ட்டு மார்ஷல். ஓராண்டு கடுங்காவல், வேலையும் போயிற்று. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர், எவர் மீது புகார் எழுதினாரோ அதே ஆபீசர். 1987-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

இந்தக் கோர்ட்டில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிபதி. அவர் லெப்டினன்ட் கர்னலாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் ஓராண்டு சிறை வரை விதிக்கலாம். தண்டனையை உடனே அமல் செய்யலாம். இங்கே நிறுத்தப்படுகிறவர்கள் சிப்பாய் முதல் ஹவில்தார் வரை உள்ளவர்களே. சுபேதார்களையும் ஆபீசர்களையும் இதில் விசாரிக்க முடியாது. ஜெனரல் கோர்ட்டு மார்ஷல் என்றால், ஜட்ஜ் அட்வகேட் எனும் சட்ட அதிகாரி கட்டாயம் இருந்து சட்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். கீழே உள்ள ஜவானுக்கு அது இல்லை. துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவர் வக்கீலாகவும் இருக்கலாம். ஆனால் சாட்சியைக் கேள்வி கேட்கக்கூடாது, கோர்ட்டில் பேசக்கூடாது. காதோடு யோசனை சொல்லலாம், அவ்வளவுதான்! எல்லைக் காவல் சாவடியில், ஒரே இரவில், அந்த வக்கீலைத்தான் எங்கே தேடுவது?

மாறுதல் இல்லாமல் இல்லை. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி படையினருக்குத் தனி ட்ரிபியூனல் வந்தது. சென்னை, மும்பை, கொல்கத்தாவிலும் பெஞ்சு உண்டு. வேலைநீக்கமோ மூன்று மாதத்துக்கு மேல் சிறையோ என்றால் அங்கே போகலாம். ராணுவச் சட்டப் பிரிவில் ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு மூன்று என்று இடம் ஒதுக்கியதை 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளியது. நல்ல காரியம்தான்.

2024 மே முதல், முப்படையும் சேர்ந்து இயங்கும் அமைப்புகளின் தளபதி, தம் கீழுள்ள எந்தப் படையினர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். விமானப்படைக்காரர் மீது விமானப்படைச் சட்டம், மாலுமி மீது கடற்படைச் சட்டம். ஆகவே தளபதிக்கு யோசனை சொல்லும் சட்ட அதிகாரிக்கு மூன்று சட்டங்களும் தெரிந்திருக்க வேண்டும். இப்படித் தளபதி பக்கம் வேலை கூடுகிறது. கூடட்டும். ஆனால் அத்தகைய அதிகாரி ஒருவரை முதலில் உட்கார வைக்க வேண்டிய இடம் ஜவானின் பக்கம் என்பேன். தனி ஆளே நீதிபதியாக இருக்கும் அந்தக் கோர்ட்டைப் புதிய சட்டம் தொடவில்லை.