காப்புரிமை வழக்கு: சண்டையா, சமாதானமா?

திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆகவே, வேறு ஊரில் செய்த பூட்டை அந்தப் பெயரில் விற்க முடியாது. ஆனால், பூட்டுக்குள் ஒருவர் புதிய நெம்புகோல் அமைப்பைக் கண்டுபிடித்தால், அதைக் காப்பது எது? அதுவே காப்புரிமை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் அவர் அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. பிறகு அது எல்லோருக்கும் பொது.

இதற்காகப் பெரிய நிறுவனங்கள் மோதினால் என்ன ஆகும்? நம் தெருக்களில் ஓடும் மோட்டார் சைக்கிளையே எடுத்துக்கொள்வோம்.

எஞ்சினில் பெட்ரோல் கலந்த காற்றை ஸ்பார்க் பிளக் கொளுத்துகிறது. ஒரு பிளக் இருந்தால் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவவேண்டும். இரண்டு இருந்தால் விரைவாகவும் நன்றாகவும் எரியும். சிறிய எஞ்சினில் இம்முறையைக் கையாள பஜாஜ் நிறுவனம் 2002-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, 2005-இல் பெற்றது.

2007-இல் ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனம் இரண்டு பிளக், மூன்று வால்வு கொண்ட 'ஃபிளேம்' வண்டியை அறிவித்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. 'எங்கள் கண்டுபிடிப்பு' என்றது பஜாஜ். 'இரட்டை பிளக் பழைய சங்கதி. எங்கள் எஞ்சின் வேறு' என்றது டி.வி.எஸ்.

2008 பிப்ரவரியில் இடைக்காலத் தடை. டி.வி.எஸ். ஒற்றை பிளக்குடன் வண்டியை விற்றது. 2009 மே மாதம் தடை நீங்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 'விற்கலாம், கணக்கு வைக்கவேண்டும்' என்றது. இத்தகைய வழக்குகள் பொதுவாக நான்கு மாதங்களில் முடியவேண்டும் என்றும் கூறியது. ஆயினும் 2019-இல்தான் இருவரும் சமாதானமாயினர்.

ஏன் சண்டை? போட்டியாளரின் வண்டி சந்தைக்கு வராமல் தடுத்தால் லாபம். விட்டுக்கொடுத்தால் நாளை இன்னொருவரும் துணிவார்.

ஏன் சமாதானம்? வழக்கில் இரு பக்கமும் அபாயம் உண்டு. எதிராளி தோற்றால் இழப்பீடு தரவேண்டும். 'இது புதிதல்ல' என்று நிரூபணமானால் உரிமையாளர் காப்புரிமையையே இழப்பார். காலமும் குறைகிறது: 2002-இல் தொடங்கிய உரிமை 2022 வரைதான். 2019-இல் வென்றாலும் மிஞ்சுவது மூன்று ஆண்டுகூட இல்லை! 2011-இல் மோதிய ஆப்பிளும் சாம்சங்கும் 2018-இல் இப்படியே சமாதானமாயின.

இழுத்தடிக்கும் வழக்கைப் பெரிய நிறுவனம் தாங்கும். சிறு பூட்டுப் பட்டறை தாங்குமா? விரைவான நீதி அவசியமாவது இதனால்தான்.