உதைபந்தாட்ட இரசிகனும் எண்வகை மெய்ப்பாடும்

உள்ளத்தே தோன்றும் உணர்ச்சி உடலின்வழிப் பிறர்க்குப் புலனாதலை மெய்ப்பாடு என்றனர் பண்டைத் தமிழர். தொல்காப்பியப் பொருளதிகாரம் இதற்கெனத் தனியே ஓர் இயல் வகுத்து, மெய்ப்பாடு எட்டு எனத் தொகை கூறி, அவை ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கு நான்காக விரித்துரைக்கின்றது. உவகை, வெகுளி, அச்சம், அழுகை, நகை, இளிவரல், மருட்கை, பெருமிதம் என்னும் இவ்வெட்டினையும் ஓரிடத்தே காண விழைவார் கூத்தரங்கை நாடிச் செல்ல வேண்டுவதில்லை. உதைபந்தாட்டம் நிகழும் மைதானத்தின் ஓரத்தே ஒன்றரை மணி நேரம் நின்று, ஆடுவோரை விடுத்து ஆட்டம் காண்போரை நோக்கினாற் போதும். உவகை பிறத்தற்குரிய நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக அந்நூல் எண்ணியுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது.

ஓர் ஆட்டத்துள் தோன்றி மறையும் உணர்ச்சி எளிதில் ஆறிவிடும். ஒரு பருவம் முழுவதும் ஒரு கழகத்தைப் பின்தொடரும் இரசிகனது நிலை அத்தகையதன்று. அவன் கழகம் இவ்வாரம் வெல்லும். அடுத்த வாரம் வலிகுன்றிய அணியிடம் தோற்கும். பின்னர் யாரும் எதிர்பாரா வகையில் மீண்டெழும். இவ்வாறு நிலைகொள்ளாத ஒரு பருவத்தில் இரசிகன் எய்தும் மெய்ப்பாடுகள் யாவை, அவை எதனாற் பிறக்கின்றன, அவற்றுள் எவை அவனுக்கே உரியவை என்பன ஆராயத்தக்க வினாக்களாம்.

எடுத்துக்காட்டாக, மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜை அடுத்த தோட்டமொன்றில் வாழும் இளைஞன் ஒருவனைக் கொள்க. தேயிலை மலைகளுக்கிடையே சமப்படுத்திய சிறு மைதானத்தில் மாலைவேளையிற் பந்துதைத்து வளர்ந்தவன் அவன். தொழில்முறை ஆட்டத்தை அவன் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலுமே காண்கின்றான். பெயராலும் மொழியாலும் தனக்கு அணுக்கமானதெனக் கருதிச் சென்னைக் கழகத்தை அவன் தன் கழகமாக வரித்துக்கொண்டான் எனக் கொள்வோம். அவ்வாறு வரித்துக்கொண்டவன் உணர்ச்சியின் ஏற்ற இறக்கத்துக்குக் குறைவில்லாத ஒரு வாழ்வையே தேர்ந்தவனாவான்.

சென்னையின் உதைபந்தாட்டக் கழகம் 2014ஆம் ஆண்டில், இந்தியன் சூப்பர் லீக் போட்டி தொடங்கியபோது உருவாயிற்று. 2015ஆம் ஆண்டுப் பருவத்தில் அக்கழகம் ஒரு கட்டத்தில் எட்டு அணிகளுள் கடைசி இடத்திற் கிடந்தது. பின்னர்ச் சுற்றின் இறுதி நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அவ்வாண்டு திசம்பரிற் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தமையால் சொந்த மைதானத்து அரையிறுதி ஆட்டம் புனே நகருக்கு மாற்றப்பட்டது. திசம்பர் 20ஆம் நாள் கோவாவில் நடைபெற்ற இறுதியாட்டத்தில், முடிவதற்குச் சில நிமிடங்களே இருக்க 2-1 எனப் பின்தங்கியிருந்த கழகம், 3-2 என வென்று கிண்ணத்தைக் கைக்கொண்டது. மறு பருவத்தில் அது ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 2018ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் பெங்களூர்க் கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என வென்று மீண்டும் வாகை சூடியது. வாகை சூடிய அக்கழகமே 2018-19ஆம் பருவத்தில் 18 ஆட்டங்களுள் இரண்டினை மாத்திரம் வென்று, 9 புள்ளிகளுடன் பத்து அணிகளுள் பத்தாவதாய் நின்றது.

இவற்றினும் ஆய்வுக்கேற்றது 2019-20ஆம் பருவம். அது கோவாவிடம் 3-0 என்ற தோல்வியோடு தொடங்கியது. அடுத்த ஆட்டம் மும்பையுடன் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. பின்னர்க் கொல்கத்தா அணியிடமும் பெங்களூர் அணியிடமும் தோல்வி. நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்தானும் போடவியலவில்லை. இழவு பற்றிய அழுகையும், பிறர் எள்ளுதல் பற்றிய இளிவரலும் இரசிகனை ஒருங்கே வந்தடைந்த காலம் அது. நவம்பர் 25ஆம் நாள் ஹைதராபாத் அணியுடன் நிகழ்ந்த ஐந்தாம் ஆட்டம் தொண்ணூறு நிமிடமும் கோலின்றிக் கழிந்தது. மேலதிகமாக வழங்கப்பட்ட சில நிமிடங்களுள் ஆந்திரே செம்பிரி சென்னைக்கு முதற்கோலைப் போட்டார்; உடனே ஹைதராபாத் சமன் செய்தது; அதன்பின் வால்ஸ்கிஸ் வெற்றிக் கோலைப் போட்டார். உவகை, அச்சம், மருட்கை என்னும் மூன்றும் இத்துணைக் குறுகிய பொழுதில் ஒன்றன்பின் ஒன்றாக ஒருவன் முகத்திற் படர்தல் நாடக மேடையிலும் அரிது.

எனினும் ஆறு ஆட்டங்களில் ஒன்றே வெற்றி என்ற நிலையில், முன்பு கிண்ணம் பெற்றுத்தந்த பயிற்றுநர் ஜோன் கிரகரி நீங்கினார். திசம்பரில் ஓவன் கோயில் பொறுப்பேற்றார். அடுத்த பன்னிரண்டு ஆட்டங்களில் ஏழு வெற்றி, மூன்று சமநிலை, இரண்டு தோல்வி. ஒன்பதாம் இடத்தருகே கிடந்த கழகம் 29 புள்ளிகளுடன் நான்காம் இடம் எய்திற்று. அரையிறுதியின் முதல் ஆட்டத்திற் கோவாவை 4-1 என வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் 4-2 எனத் தோற்றும், இரண்டினதும் கூட்டுத்தொகையில் 6-5 என முன்னின்றது. 2020 மார்ச் 14ஆம் நாள் இறுதியாட்டத்தில் கொல்கத்தா அணியிடம் 3-1 எனத் தோற்றது.

இத்தகைய ஏற்ற இறக்கத்தைக் கண்ட இரசிகன் அதற்குக் காரணங் கற்பித்தல் இயல்பு. தோற்றவிடத்து வீரரின் ஊக்கமின்மை என்பான். வென்றவிடத்துப் பயிற்றுநரின் மதிநுட்பம் என்பான். இக்காரணங்கள் முற்றும் பொய்யல்ல. ஆயினும் இவற்றுக்கு முன்னே எண்ணத்தக்க காரணம் ஒன்று ஆட்டத்தின் இயல்பிலேயே உள்ளது. கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணி நூறு புள்ளிகளும் பெறலாம். துடுப்பாட்டத்தில் ஓட்டங்கள் நூற்றுக்கணக்கிற் குவியும். உதைபந்தாட்டத்திலோ இரண்டு மூன்று கோல்களிலேயே முடிவு அமைகின்றது. எண்ணிக்கை சிறிதாகுந்தோறும் தற்செயலின் ஆட்சி பெரிதாகும். கம்பத்திற் பட்டுத் திரும்பும் ஒரு பந்து, நடுவரின் ஒரு முடிவு, ஈரத்தில் வழுக்கிய ஒரு கால், இவை வலிய அணியையும் வீழ்த்தவல்லன.

இதனைக் கணக்கினாலும் தெளியலாம். எவ்வாட்டத்தையும் வெல்வதற்குச் சரிபாதி வாய்ப்புடைய அணி ஒன்று உண்டெனக் கொள்க. அதன் ஆற்றல் பருவம் முழுவதும் அணுவளவும் மாறுவதில்லை எனவும் கொள்க. 18 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தில் அவ்வணி எங்கேனும் ஓரிடத்தில் தொடர்ந்து நான்கு ஆட்டங்களேனும் வெற்றியின்றி நிற்றற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 44 ஆகும். ஆற்றல் மாறாத அணிக்கே இஃது நிகழுமாயின், நான்கு ஆட்டங்களைக் கொண்டு ஓர் அணி சீர்குலைந்துவிட்டது எனத் துணிதல் எங்ஙனம் பொருந்தும்? அவ்வாறே நான்கு வெற்றிகளைக் கொண்டு அது வெல்லற்கரிய அணி எனக் கொண்டாடுதலும் பொருந்தாது.

பயிற்றுநரை மாற்றுதல் பற்றிய வழக்கும் இவ்வாறே நுணுகி நோக்கத்தக்கது. நெதர்லாந்துக் கழகங்களின் 1986 முதல் 2004 வரையுள்ள ஆட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் தெர் வீல், தோல்விகளால் பயிற்றுநரை நீக்கிய கழகங்கள் பின்னர் முன்னேறின என்பதைக் கண்டார். அதேயளவு தோல்வியுற்றும் பயிற்றுநரை நீக்காத கழகங்களும் ஒப்ப முன்னேறின என்பதையும் கண்டார். மிகத் தாழ்ந்த நிலையிலிருப்பது தன் வழக்கமான நிலையை நோக்கி மீள்வது பொதுவியல்பு. பிரான்சிஸ் கால்ற்றன் என்னும் அறிஞர் 1886ஆம் ஆண்டில், பெற்றோர்தம் உயரத்தையும் மக்கள்தம் உயரத்தையும் ஒப்பிட்டு இவ்வுண்மையை எடுத்துக்காட்டினார். கோயிலின் வருகையாற் பயன் விளையவில்லை என்பது இதன் கருத்தன்று. முன்னேற்றம் அனைத்தையும் வந்தவர்மேலும், பின்னடைவு அனைத்தையும் போனவர்மேலும் சார்த்துதல் நடுவுநிலையாகாது என்பதே கருத்து.

இனி, அணியின் ஏற்றத்தாழ்வினின்று இரசிகனது ஏற்றத்தாழ்வுக்கு வருவோம். 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன், டார்ட்மத் என்னும் இரு கல்விநிலையங்களுக்கிடையே, அந்நாட்டுக்கே உரிய உதைபந்தாட்ட வகையில், முரட்டுத்தனம் மிக்க ஓர் ஆட்டம் நடைபெற்றது. அதன் படச்சுருளை இரு கல்விநிலைய மாணவர்க்கும் காட்டித் தவறுகளை எண்ணுமாறு கேட்டனர் ஆய்வாளர் இருவர். டார்ட்மத் அணியினர் இழைத்த தவறுகளென டார்ட்மத் மாணவர் கண்ட தொகையினும் இருமடங்குக்கு மேற்பட்ட தொகையைப் பிரின்ஸ்ரன் மாணவர் கண்டனர். 1954ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு புலப்படுத்துவது யாதெனின், இரசிகன் முதலில் ஆட்டத்தைக் கண்டு பின்னர் வெகுள்வதில்லை. வெகுளியோடேயே ஆட்டத்தைக் காண்கின்றான் என்பதாம்.

மற்றோர் ஆய்வு 1976ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ரொபேட் சியால்டினியும் அவர்தம் துணைவரும் ஏழு பல்கலைக்கழகங்களில் மாணவரின் உடையை நோக்கினர். தம் அணி வென்ற வாரத்தை அடுத்த திங்கட்கிழமைகளிற் பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த ஆடையை அணிந்தோர் மிகுதியாயினர். ஆட்டத்தைப் பற்றி வினவியபோது, வெற்றியைக் கூறுமிடத்து ‘நாம்’ என்ற சொல்லும், தோல்வியைக் கூறுமிடத்து ‘அவர்கள்’ என்ற சொல்லும் மாணவர் வாயிற் பெரிதும் வந்தன. தோட்டத்து மைதானத்திலும் தேநீர்க்கடை வாங்கிலும் இதனைக் கேட்டறியாதார் இலர். ‘நாம் வென்றோம், அவன்கள் தோற்றான்கள்’ என்பது உலகெங்கும் வழங்கும் இரசிக இலக்கணம்.

ஈண்டுத் தொல்காப்பியத்தை மீளவும் நோக்குதல் தகும். பெருமிதம் பிறத்தற்குரியனவாக அந்நூல் கூறுவன கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கு. இவை யாவும் ஒருவன் தானே ஈட்டிக்கொள்வன. வென்ற நாளில் இரசிகன் எய்தும் பெருமிதமோ பிறர் கால்கள் ஈட்டியது. அது கடனாகப் பெற்ற அணிகலன் போன்றது. அணிந்து மகிழ்தல் குற்றமன்று, தனதென எண்ணுதலே பேதைமை. கடன் பெற்ற பெருமிதம் மீட்கப்படும் நாளிலேதான் வெகுளி மிகுகின்றது. தானே தோற்றவன் தன்னை நோவான். பிறர் வழியாய்த் தோற்றவன் பிறரை ஏசுவான். அவ்வேச்சு ஒரு வீரனின் பிழைப்பையோ பயிற்றுநரின் பதவியையோ சென்று தாக்கும் என்பதை அவன் எண்ணிப்பார்ப்பதில்லை.

இதனை மற்றெவரினும் தெளிவாக உணரவல்லவர் மலையகத்தார். சித்திரை வைகாசியில் மழைகண்ட மலையிற் கொழுந்து பெருகும். தை மாசியின் பனியிலும் வறட்சியிலும் அதே மலையில், அதே கைகளுக்குக் கொழுந்து அருகும். எனினும் மாலையில் தராசு கூறுவது அன்றைய நிறையை மாத்திரமே. குறித்த நிறை எட்டாதவிடத்து அன்றைய உழைப்புக்கு ‘அரைப்பேர்’ போடும் வழக்கத்தைத் தோட்டத்தார் நெடுங்காலமாக அறிவர். வானத்தின் குறையைக் கையின் குறையாக எழுதும் கணக்கு அது. ஒருநாள் நிறைகொண்டு தன் தாயின் உழைப்பை அளத்தல் தகாது என உணர்ந்த இளைஞன், ஓர் ஆட்டங்கொண்டு ஒரு வீரனுக்கு அரைப்பேர் போடுதல் தகுமோ?

அங்ஙனமாயின் இரசிகன் உணர்ச்சியைத் துறத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. அழுகையும் உவகையும் இல்லாதார்க்கு ஆட்டம் காண்டலாற் பயனில்லை. உணர்ச்சி வேறு, தீர்ப்பு வேறு எனப் பிரித்தறிதலே வேண்டுவது. நோட்டன் அணை கெஹெல்கமு ஓயாவின் வெள்ளத்தை விலக்குவதில்லை. ஏற்றுத் தேக்கி, லக்சபான மின்னிலையத்துக்கு வேண்டியவாறு அளந்து விடுகின்றது. உணர்ச்சி பெய்யும் நாளிற் பெய்க. தீர்ப்பு பருவமுடிவில் அளந்து வருக.

எஞ்சியிருப்பது, இரசிகனுக்கே உரியது யாது என்னும் வினா. வெற்றியில் அவனுக்குப் பங்கில்லை, தோல்வியிலும் பங்கில்லை. ஆயின் 2018-19ஆம் பருவத்தின் பதின்மூன்று தோல்விகளுக்குப் பின்னும், அடுத்த பருவத்தின் கோலில்லா நான்கு ஆட்டங்களுக்குப் பின்னும், ஐந்தாம் ஆட்டத்தைக் காண அமர்ந்தானே, அச்செயல் அவனுடையது. அதனை எவரும் அவனுக்காகச் செய்யவில்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியாட்டம் கொள்ளைநோய்ப் பரவலின் காரணமாகப் பார்வையாளர் எவருமின்றி வெற்றரங்கில் நடைபெற்றது. அன்று சென்னையிலிருந்த இரசிகனும் நோட்டன் பிரிட்ஜில் இருந்திருக்கக்கூடிய இரசிகனும் ஒரே நிலையினராயினர். இருவர் குரலும் அரங்கை எட்டவில்லை. இருவராலும் ஒரு கோலும் கூடவோ குறையவோ இல்லை. எட்டாதென அறிந்தும் இறுதிவரை உடனிருத்தல் என்பது தறுகண்மையின் ஒரு கூறு. தறுகண் பெருமிதத்தின் நிலைக்களன் நான்கனுள் ஒன்று. ஆதலின் இரசிகனுக்குக் கடனாகாத பெருமிதம் ஒன்று உண்டெனின், அது கிண்ணம் வென்ற நாளில் அவனைச் சேர்வதன்று; தோற்ற நாளிலும் ‘நாம்’ என்ற சொல்லை அவன் மாற்றாதிருத்தலிற் சேர்வதாம்.