குறைமாதக் குழந்தையும் தாயின் பால் சுரப்பும்

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30 இலட்சம் குழந்தைகள் மாதம் நிறையுமுன் பிறந்தன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இவற்றுள் மிகவும் எடை குறைந்தவை மார்பில் பாலருந்த இயலாதவை. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன், கருவுற்ற 34ஆவது வாரத்தை ஒட்டியே பொதுவாகக் கைகூடுகிறது. அதுவரை குழந்தை சிறப்புப் பராமரிப்புப் பிரிவில் குழாய் வழியே பால் பெறும். தாய் வேறொரு வார்டில் இருப்பார். இவ்விடைக்காலத்தில் பால் வற்றாமல் காப்பது எவ்வாறு?

தாய்ப்பால், கிடங்கில் இருப்பு வைக்கத்தக்க பண்டமன்று. பால் வெளியேறும்போதுதான் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் பெருகி மேலும் சுரக்கச் செய்கிறது. தேங்கினால் சுரப்பு தடைப்படுகிறது. "குழந்தை குடிக்கத் தொடங்கும்வரை சேர்ந்திருக்கட்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் கூறும் யோசனை, நல்லெண்ணத்தில் எழுந்ததாயினும் நேர்மாறான விளைவையே தரும்.

இங்கு ஒரு கணக்கைக் கருதுதல் வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு முழு உணவு நிலையிலும் நாளொன்றுக்கு 150 முதல் 180 மில்லி லிட்டரே தேவை. முதல் நாட்களில் அதனினும் மிகக் குறைவு. இன்றைய தேவையை மட்டும் நோக்கும் தாய், இரண்டு மூன்று முறை பீச்சிவிட்டு நிறுத்திவிடுவார். ஆனால் குழந்தையின் எடை இரட்டிக்கும்போது தேவையும் இரட்டிக்கும். அப்போது சுரப்பைப் பெருக்குவது கடினம். அதன் அடித்தளம் முதல் இரண்டு வாரங்களிலேயே இடப்படுகிறது. ஆதலின் நிறைமாதக் குழந்தை எத்தனை முறை அருந்துமோ அத்தனை முறை, அதாவது நாளொன்றுக்கு எட்டு முறையேனும், இரவிலும் விடாது பீச்சுதல் வேண்டும். பிறந்த ஆறு மணி நேரத்திற்குள் தொடங்குவது நன்று. முதலில் சில சொட்டுச் சீம்பாலே வரும். அதனை வீணென்று கருதலாகாது. குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் கொடிய அழற்சியைத் தவிர்ப்பதில் தாய்ப்பாலுக்குப் பெரும் பங்குண்டு. குழந்தை சற்றுத் தேறியதும் பாலாடையால் புகட்டலாம். நம் வீடுகளில் பழகிய இப்பெயரே இன்று வடநாட்டு மருத்துவமனைகளிலும் வழங்குகிறது.

மார்போடு அணைத்துத் தோலோடு தோல் பட வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பும் சுரப்பைத் தூண்டும். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளிடம் இதனைப் பிறந்தவுடனேயே தொடங்கியபோது, 28 நாட்களுக்குள் நிகழும் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது.

மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி நிறுவப்பட்டது. எனினும் வங்கிப் பால் 62.5 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தப்படுவதால் அதன் காப்பாற்றல் ஓரளவு குறைகிறது. பெற்ற தாயின் பாலுக்கு அது துணையே, மாற்றன்று.

இனி நிர்வாகம். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் இயல்பான பேறுக்கு 3 நாளும் அறுவைப் பேறுக்கு 7 நாளும் தாய்க்கு இலவச உணவு உண்டு. குறைமாதக் குழந்தையோ பல வாரங்கள் அங்கேயே தங்குகிறது. வீடு திரும்பிய தாய் எட்டு முறை பீச்சிய பாலை எவ்வாறு கொணர்வார்? குழந்தை விடுவிக்கப்படும்வரை தாய்க்கும் ஒரு படுக்கையும் உணவும் தொடருமாறு விதிப்பது, புட்டிப்பாலுக்கும் நோய்க்கும் பின்னர் ஆகும் செலவை நோக்கச் சிறிதே என்பது என் கருத்து.