பழைய காரின் ஆக்சிஜன் சென்சார்: கழற்றும் முன்னும் கழற்றிய பின்னும்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவைப்படுகிறது. இந்த விகிதம் பிசகினால், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்று நச்சுகளையும் ஒருங்கே மாற்றியமைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்னும் வினையூக்கிக் கலம் தன் வேலையைச் சரிவரச் செய்யாது. அவ்விகிதத்தைக் காப்பதற்காக, வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அளந்து என்ஜினின் கணினிக்குத் தெரிவிக்கும் உணர்கருவியே ஆக்சிஜன் சென்சார். பாஷ் நிறுவனம் உருவாக்கிய இக்கருவி 1976இல் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

இதன் உள்ளே சிர்கோனியா என்னும் பீங்கான் வகைப் பொருள் உள்ளது. அதன் ஒரு பக்கத்தைப் புகையும் மறுபக்கத்தை வெளிக்காற்றும் தொட்டிருக்க, இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாடு சிறு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது: பெட்ரோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட். சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் அது இயங்கும் என்பதால், பிற்காலச் சென்சார்களில் சூடேற்றும் கம்பியும் சேர்க்கப்பட்டது. இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் 1995இலேயே புதிய கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று எனினும், அக்காலத்துக் கார்ப்பரேட்டர் வண்டிகளில் இச்சென்சாரைத் தேடுவது வீண். மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் என்ஜின்களோடுதான் அது இங்கே பரவலாயிற்று.

மைலேஜ் குறைந்து, செக் என்ஜின் விளக்கும் எரிந்தால் உடனே சென்சாரை மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் பெரும்பாலும் அது பிறர் குற்றத்தைச் சொன்னதற்காகத் தண்டனை பெறுகிறது. ஸ்கேனர் காட்டும் பி0135 என்ற குறியீடு சென்சாரின் சூடேற்றும் சுற்றையே சுட்டுகிறது என்பது உண்மை. பி0171 என்பதோ கலவையில் காற்று மிகுந்துவிட்டதாகக் கூறுவது மட்டுமே. அதற்கு வெடித்த வேக்குவம் குழாயோ வலுவிழந்த பெட்ரோல் பம்போ காரணமாக இருக்கலாம். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும், அதன் வழியே புகும் வெளிக்காற்று அளவைப் பொய்யாக்கிவிடும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்சார் உள்ள வண்டிகளில், பி0420 என்பது பெரும்பாலும் கன்வெர்ட்டரின் தளர்ச்சியைக் குறிக்கும்.

பழுது சென்சாரிலேயே என்று உறுதியான பின், வீட்டில் செய்யும் வேலையில் கடினமானது கழற்றுவதே. ஆண்டுக்கணக்கில் வெந்து துருவேறிய திருகு மரையில் துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே விட்டு ஊறவைப்பதும், என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டி, கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறவிட்டு, வயர் நுழையப் பிளவுள்ள 22 மி.மீ. சாக்கெட்டால் சீராகத் திருகுவதும் மரையைக் காப்பாற்றும். அடியில் புகவேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல், சமதரையில் தாங்கி வைத்த பின்னரே புகவேண்டும்.

புதியதன் மரையில் இறுகாமல் தடுக்கும் பசை ஏற்கெனவே பூசப்பட்டிருக்கக்கூடும்; இல்லையெனில் முனையில் படாதவாறு சிறிதளவு பூசி, தயாரிப்பாளர் குறித்துள்ள முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும். விலை மலிவான பொதுவகைச் சென்சாரின் வயர்களைப் பற்றவைத்து இணைப்பதைக் காட்டிலும், அதே கப்ளருடன் வரும் சென்சாரை வாங்குவதே மேல். ஏனெனில் பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயர்களின் இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிடைவெளி வழியாகவே பெறுகின்றன, பற்றவைத்த ஈயம் அதை அடைத்துவிடும்.

கழற்றிய பழைய சென்சாரை எறியும் முன் அதன் முனையைப் பார்க்க வேண்டும். கரிய புகைக்கரி பெட்ரோல் மிகையையும், வெண்படிவு கூலன்ட் எரியறைக்குள் கசிவதையோ சிலிகான் பசை பயன்படுத்தப்பட்டதையோ உணர்த்தும்; கசிவை அடைக்காமல் பொருத்தினால் புதிய சென்சாரிலும் அதே வெண்படிவு ஏறும்.